பொது ஐபி இருக்குதா இல்லியான்னு முதல்லயே சொல்லிப்போடுங்க
(கொங்கு வட்டாரத்து ஃபைபர் நெட் ஆபரேட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்)

ஆபரேட்டர் அண்ணன்மார்களுக்கு வணக்கமுங்க.

பல்லடம், சோமனூர், காங்கேயம் பக்கம் தறிக்குடோன், பனியன் ஜாப்வொர்க் யூனிட், தோட்டத்துச் சாளை என்று போய்க் கேமராவும் கம்ப்யூட்டரும் மாட்டிக் கொடுக்கிறவன் எழுதுகிறேன். உங்களில் பலரைக் கேபிள் டிவி காலத்திலிருந்தே தெரியும். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத தோட்டங்களுக்கெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்து நெட் கொண்டுவந்தது நீங்கள்தான். அதனால் சண்டைக்கு வரவில்லை. ஆனால் உங்கள் இணைப்பில் பொது ஐபி, அதாவது வெளியே இணையத்திலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி, இருக்கிறதா இல்லையா என்ற ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் சொல்லாமல் விடுவதால், வாடிக்கையாளர் முன்னால் நின்று முழிப்பது என்னைப் போன்றவர்கள்.

என்ன நடக்கிறதென்றால், யூனிட் முதலாளி ஒருத்தர் "ஆபீஸ்ல இருக்கிற டேலிய ஊட்ல இருந்து பாக்கோணும்" என்கிறார். டேலி என்பது கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர். ரவுட்டருக்குள் போய், அந்தக் கம்ப்யூட்டருக்கு 192.168.1.50 மாதிரி மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்குகிறோம். வெளியிலிருந்து இன்ன போர்ட்டுக்கு (வாசல் எண் மாதிரி) வருவதை இந்த முகவரிக்கு அனுப்பு என்று ஒரு விதியை எழுதிச் சேமிக்கிறோம். போர்ட் ஃபார்வர்டிங் என்பது அவ்வளவுதான். ரவுட்டரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கை கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது. வெளியே வந்து செல்போன் டேட்டாவில் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் ஃபயர்வால்மேல் சந்தேகப்பட்டு, போர்ட்டை மாற்றி, ரவுட்டரை ரீசெட் பண்ணி, கடைசியில் உங்கள் லைன்மேன் தம்பியைக் கூப்பிட்டால், "எங்க பக்கம் எல்லாம் ஓப்பனாத்தான் இருக்குதுங்ணா" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே யாரும் சொல்லித்தரவில்லை.

காரணம் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே காட்டும் வெளிப்பக்க ஐபியையும், 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளம் சொல்லும் எண்ணையும் ஒப்பிட்டால் போதும். இரண்டும் வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், அந்த லைன் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பங்குபோட்டுக்கொள்ளும்படி நீங்கள் வைத்த ஏற்பாட்டுக்குப் பின்னால். 2012-இல் இதற்கென்றே தனியாக ஒதுக்கிவைத்த எண்கள் அவை. சிலர் 10-இல் தொடங்கும் எண்ணையும் கொடுக்கிறார்கள், பலன் ஒன்றுதான். திருப்பூரில் லைன் வீட்டுக் காம்பவுண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எத்தனை குடும்பம் இருந்தாலும் கதவு எண் ஒன்றுதான். குடியிருக்கிறவர் கடிதம் எழுதிப் பதில் வாங்கலாம். ஆனால் முதன்முதலாகத் தேடி வருகிறவன் கேட்டிலேயே நிற்க வேண்டியதுதான். நாம் ரவுட்டரில் எழுதும் விதி நம் வாசலில் மாட்டுகிற பலகை. கேட்டின் சாவி உங்கள் கையில்.

சிஜிநாட் போட்டதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஐபிவி4 என்கிற பழைய முறை முகவரிகள் மொத்தமே 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி தீர்ந்தது. அதே வருஷம் ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதியும் கடைசிக் கையிருப்புக்கு வந்து ரேஷன் முறையில் இறங்கிவிட்டது. 2019-க்குப் பிறகு புதிதாக உள்ளே வருகிற நிறுவனத்துக்கு அதிகபட்சம் 512 முகவரிதான். நாலு ஊருக்கு லைன் கொடுக்கிறவர் 512-ஐ வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஒன்று கொடுக்க முடியாது, எனக்குப் புரிகிறது. காலையில் யூடியூப், ராத்திரி சீரியல் என்று இருக்கிற வீட்டுக்கு அது தேவையுமில்லை.

என் குறை வேறு. 100 எம்பிபிஎஸ், அன்லிமிடெட், ஓடிடி இலவசம் என்று நோட்டீஸில் எல்லாம் இருக்கிறது. பொது ஐபி இல்லை என்பது மட்டும் எங்கேயும் இல்லை. வருஷச் சந்தா கட்டின பிறகு கேட்டால்தான் "அதுக்கு ஸ்டேட்டிக் ஐபி வாங்கோணுமுங்க, பிசினஸ் பிளான்" என்று பதில் வருகிறது. ஸ்டேட்டிக்கே வேண்டியதில்லை, அண்ணா. தினம் மாறுகிற பொது ஐபியாக இருந்தாலும் ஐபி மாறினாலும் ஒரே பெயரில் தேடிப் பிடிக்க வைக்கிற டைனமிக் டிஎன்எஸ் வைத்துச் சமாளித்துக்கொள்வோம். இருக்கிற முகவரியில் கொஞ்சத்தை அப்படிக் கேட்கிறவர்களுக்கென்று எடுத்துவைத்து, நியாயமான மாசக் கட்டணத்தில் கொடுக்கலாமே. கேட்கப்போகிறவர்கள் நூற்றுக்கு ஒருத்தர்கூட இருக்க மாட்டார்கள்.

"கேமராதான் ஆப்ல வருதே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். வரும். கேமரா தானே வெளியே போய்க் கம்பெனிக்காரன் சர்வரைப் பிடித்துக்கொள்வதால் வருகிறது. கட்டுத்தரையில் மாடு நிற்கிறதா என்று பார்க்க அது போதும். சொந்தக் கணக்கு, சொந்த ஃபைல், வீட்டில் வைத்த சர்வர் என்று வரும்போது எல்லாவற்றையும் அடுத்தவன் சர்வர் வழியாகச் சுற்றிவிட எல்லோருக்கும் மனசு வராது.

வெளியிலிருந்து எட்டும்படி விட்டால் கண்டவனும் உள்ளே நுழைவான் என்று நீங்கள் பயந்தால், அதிலும் உண்மை இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற வைரஸ், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் திறந்து கிடந்த டிவிஆர்களையும் (கேமராப் பதிவுப் பெட்டி) கேமராக்களையும் பிடித்துப் படைதிரட்டி, அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் திறக்காமல் அடித்தது. டிவிஆரையோ, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்குகிற ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டையோ நேராக வெளியே திறந்துவிடுகிறவர்கள் இன்றைக்கும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அதை நானும் கண்டிக்கிறேன். நான் திறப்பது வயர்கார்டு விபிஎன் என்கிற பூட்டிய தனிப்பாதைக்கு ஒரே ஒரு யுடிபி போர்ட், வழக்கமாக 51820. சரியான சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது. ஆனால் அந்த ஒன்றுக்கும் ஒரு பக்கமாவது வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டுமே.

இதற்கு நிரந்தர வழி ஐபிவி6 என்கிற புது முகவரி முறை. அதில் முகவரிப் பஞ்சமே இல்லை. வீட்டுக்குள் இருக்கிற கம்ப்யூட்டருக்கே நேர் முகவரி கிடைத்துவிடும். ஃபயர்வாலில் அந்தக் கருவிக்கு, அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு கொடுக்கிற புது வீட்டு இணைப்புகள் ஐபிவி6-க்குத் தயாராக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறையே காலக்கெடு வைத்தது. செல்போனில் பெரும்பாலும் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மூர்ப் பக்கம் நான் திறந்து பார்க்கிற, ஃபைபர் ஒயர் வந்து சேரும் ஓஎன்யு பெட்டிகளில்தான் பலதில் அணைந்தே கிடக்கிறது. சிலதில் அந்தப் பக்கத்தையே பார்க்க முடியாது, அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம். கேட்டால் "அத மாத்துனா லைன் போயிரும்" என்கிறீர்கள். பாஸ்வேர்டு தர மனசில்லை என்றால் பெட்டி லைனை அப்படியே கடத்திவிட மட்டும் செய்யும்படி பிரிட்ஜ் மோடில் போட்டுக் கொடுங்கள். வாடிக்கையாளர் தன் சொந்த ரவுட்டரை வைத்துக்கொள்வார், போனால் அவர் பாடு.

எல்லாவற்றையும் ஒட்டுக்காச் செய்யச் சொல்லவில்லை. முதலில் விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: இந்த இணைப்பில் பொது ஐபி உண்டு அல்லது இல்லை, வேண்டுமென்றால் மாசம் இவ்வளவு. அதையே லைன்மேன் தம்பிகளுக்கும் சொல்லிவையுங்கள். ஐபிவி6-ஐத் திறந்து பார்க்க நினைக்கிற ஆபரேட்டர் யாராவது இருந்தால், சோதனைக்கு என் வீட்டு லைனையே எடுத்துக்கொள்ளலாம். ராத்திரியில் ரெண்டு மணி நேரம் நெட் போனாலும் பரவாயில்லை, போனில் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்க.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளன்