கடும் வேலைக்கான மடக்குக் கத்தி என்றால் தடித்த அலகு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைத்தொழில் கருவிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், தினசரி வேலைக்கு வாங்கும் மடக்குக் கத்தியின் அலகு 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை கூடினால் கூடுதல் நாள் உழைக்கும் என்று எழுதியிருந்தார்கள். கடைக்கு வருகிறவர்களும் கத்தியைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள். எடையும் முதுகுத் தடிமனும் வெட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

வெட்டும் ஓரமான வாய்க்குச் சற்று மேலே, கூர் தீட்டிய சரிவு தொடங்கும் இடத்தில் தடிமன் எவ்வளவு என்பதுதான் கேள்வி. தடிமன் அளக்கும் வெர்னியரை அங்கே வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் என்றால் அட்டைப்பெட்டியில் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். எவ்வளவு தீட்டினாலும் அந்த இறுக்கம் போகாது. கை கூடுதல் பலம் கொடுக்கும், அட்டை சட்டென்று விட்டுவிடும், கத்தி போய் நிற்கும் இடம் பெரும்பாலும் மறு கை. பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டு வரும் ஒபினெல் கத்தியில் 8 ஆம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பிடியோடு சேர்த்து ஏறக்குறைய 45 கிராம். அலகு 2 மி.மீ.கூட இல்லை. அமெரிக்காவின் பக் 110, 1964 இல் வந்தது, சுமார் 200 கிராம். இரண்டுமே நல்ல வேலைக் கத்திகள். ஆனால் பக்கின் எடையில் பெரும்பங்கு பிடியின் இரு முனையிலும் உள்ள பித்தளையின் எடை. வெட்டுக்கு அதில் பங்கில்லை.

கடுமையான வேலைக்கு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, விரித்த அலகு மடங்காமல் பிடித்து நிறுத்தும் லாக்கை. லாக்கே இல்லாமல் ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் கத்தி இழுத்து வெட்டப் போதும். குத்தித் துளை போட முயன்றால் அலகு மடங்கி நேராக விரலில் விழும்.

இப்போது அதிகம் விற்பது லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று, அலகு விரிந்ததும் பிடிக்குள் இருக்கும் அதன் அடிப்பகுதியான வாலுக்குப் பின்னால் போய் முட்டுக் கொடுக்கும். வாங்கும்போது கத்தியை விரித்து, அலகு மடங்கும் பள்ளத்தின் வழியே உள்ளே பாருங்கள். தகடு வாலின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது பிடித்திருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டு நின்றால் வாங்காதீர்கள். பழைய கத்தியில் அதே தகடு எதிர்த் தகட்டை முட்டும் அளவுக்கு நகர்ந்திருந்தால் தேய்மானம் முடிந்தது. அடுத்து, விரல்கள் அலகு மடங்கும் பாதைக்கு வெளியே இருக்கும்படி பிடியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேஜை விளிம்பில் அழுத்துங்கள். தட்ட வேண்டாம், அழுத்தினால் போதும். நல்ல லாக் அசையாது. கட்டட வேலையில் இந்த லாக் நழுவுவதற்குப் பெரும்பாலும் காரணம் உடைசல் அல்ல. சிமென்ட் தூளும் சட்டைப்பை பஞ்சும் வாலுக்கும் தகட்டுக்கும் நடுவே அடைந்து, தகடு முழுதாக உட்காராமல் போவதுதான்.

பிடியின் முதுகில் அழுத்தி மடக்கும் வகை லாக்கில் அழுக்கு சேருவது பின்புறப் பள்ளத்தில். பல்குத்தும் குச்சி போதும். ஒபினெலில் 1955 முதல் வருவது, பிடியின் தலையில் திருப்பிப் பூட்டும் வளைய லாக். அந்தக் கத்தியில் தொல்லை வேறு. ஐப்பசி மழையில் மரப்பிடி ஊறி, அலகு உள்ளேயே இறுகிவிடும். இடுக்கி வைத்து இழுக்காமல் நிழலில் உலர விடுங்கள்.

எஃகைப் பற்றிக் கட்டுரை பேசவே இல்லை. எஃகின் வகையைக் குறிக்க ‘440’ என்று மட்டும் பொறித்திருந்தால் அது பாதித் தகவல். 440ஏ, 440பி, 440சி மூன்றிலும் கரிம அளவு வேறு. கூர் நிற்கும் நாளும் வேறு. சி வகையைப் போட்டவர் அந்த எழுத்தைப் பொறிக்காமல் விடமாட்டார். டி2 எஃகில் குரோமியம் 12 சதவீத அளவுக்கு இருந்தாலும், கரிமம் அதில் ஒரு பகுதியைக் கார்பைடாகக் கட்டி வைத்துக்கொள்வதால் முழுத் துருப்பிடிக்கா எஃகு ஆகாது. கடலோர ஊர்களில் வியர்வை படும் சட்டைப்பையில் ஒரு வாரம் கிடந்தால் புள்ளி விழும். வாழைத்தோப்பில் கறையோடு வேலை செய்கிறவர்களுக்கு 12சி27 போன்ற மென்மையான துருப்பிடிக்கா எஃகே தோது. சீக்கிரம் மழுங்கும்; சீக்கிரம் தீட்டியும் விடலாம்.

பாதி அலகு ரம்பப்பல் உள்ள கத்திகள் எனக்குப் பிடிப்பதில்லை. பிடியை ஒட்டிய பகுதியில்தான் கைப்பலம் முழுதும் இறங்கும். அந்த இடத்தைப் பற்களுக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன? நாள் முழுக்க நைலான் கயிறு அறுப்பவருக்கு மட்டும் அது சரி.

முனை உடைவது எப்போதும் பெயின்ட் டின் மூடியை நெம்பும்போதுதான். முனையருகே அலகு மெலிந்திருக்கும், எஃகு கடினம், வளையாமல் முறியும். அதற்கு ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. வயர் உறையை உரிக்கும்போது கத்தியைச் சுற்றி வளையமாக அறுக்காதீர்கள். பென்சில் சீவுவதுபோல் கிட்டத்தட்டப் படுக்க வைத்துச் சீவுங்கள். வளையமாக அறுத்தால் செம்புக் கம்பியில் கீறல் விழும். பின்னால் வளைக்கும்போது அங்கேயே ஒடியும். எந்தக் கத்தியானாலும், குறிப்பாகப் பிடி முழுக்க உலோகமான கத்தி என்றால், மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி.யை இறக்காமல் வயரைத் தொடவே கூடாது.

இனி சாணை. தெருவில் வரும் சக்கரத்தில் மடக்குக் கத்தியைக் கொடுப்பது பல நேரம் கத்திக்கே நஷ்டம். தண்ணீர் படாத சக்கரத்தில் மெல்லிய வாய் சில நொடிகளில் சூடேறிவிடும். வாயோரம் நீலம் ஓடினால் 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் கூர் இனி நிற்காது. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைஸும் உள்ள கார்பொரண்டம் கல் போதும். கல்லை நனைத்து, அலகைப் படுக்க வைத்து, அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். ஏறத்தாழ 20 டிகிரி வந்துவிடும். 25 மி.மீ. அகல அலகுக்கு எட்டு மி.மீ.க்குச் சற்று மேல். அந்தக் கோணம் மாறாமல் பிடியோரத்திலிருந்து முனை வரை தேயுங்கள். மறுபக்கத்தில், முதுகிலிருந்து வாயை நோக்கிக் கட்டைவிரலை மெல்ல இழுத்தால், தேய்ந்த எஃகு ஓரத்தில் மெல்லிதாகச் சுருண்டு நிற்கும் பிசிறு தட்டுப்படும். பிசிறு முழு நீளத்துக்கும் வராமல் பக்கம் மாற்றக் கூடாது. வீட்டில் தீட்டியும் கூர் வரவில்லை என்பவர்கள் செய்யும் தவறு இதுதான். இரு பக்கமும் பிசிறு எழுந்த பிறகு நைஸ் பக்கத்தில், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு. கடைசியாகத் தோல் பெல்ட்டின் உட்புறத்தில் வாய் பின்னால் வரும்படி இழுங்கள். சோதிக்கத் தங்கள் நாளிதழின் ஒரு தாள் போதும். தாள் எங்கே கிழிபடுகிறதோ அங்கே பிசிறு மிச்சமிருக்கிறது.

அழுக்கடைந்த கத்தியை, மரப்பிடி இல்லாத பட்சத்தில், பாத்திர சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுக் கழுவி, ஈரம் போக ஊதி, சுழலும் ஆணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடலாம். பழம் நறுக்கவும் அதே கத்தி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூளைப் பிடித்து வைக்கும். அலகு பக்கவாட்டில் ஆடினால் ஆணியை எட்டில் ஒரு சுற்று மட்டும் முடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் டி8 அளவு டார்க்ஸ் (நட்சத்திர முனை) திருப்புளி பொருந்தும். ரிவெட் அடித்த கத்தியில் இந்த வசதி கிடையாது.

கட்டுரையோடு வந்த அட்டவணையை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், எடைக்கான பத்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாயோரத் தடிமன், லாக் வகை, எஃகின் முழுப்பெயர் மூன்றையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கருவிக்கடை வைத்திருக்கும் வாசகர்,
கோயம்புத்தூர்