270 எங்கே போனது?

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஓரத்தில் அம்மா, "கணக்கு எழுதுகிறவளுக்கு நாள் கணக்கு தெரியாதா?" என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. மாதக் கடைசி வேலை, அதுதான்.

இங்கே குளிர் பழகவே இல்லை. ஆபீசுக்குள் நுழைந்து பத்து நிமிஷம் விரல் மடங்காது. ஹீட்டரில் கையைக் காட்டிவிட்டுத்தான் வவுச்சர்களைப் பிரிப்பேன். வேலை என்னவோ நம் வேலைதான். 1494-இல் வெனிஸில் அச்சான இத்தாலிக்காரர் லூக்கா பாச்சோலியின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வீர்களே, அதில் இருக்கும் அதே பற்று வரவுதான். கம்ப்யூட்டர் போடுகிறது, அவ்வளவே.

மாடிவீட்டுப் பெரியவர் ஒருநாள் ஷூ பெட்டி நிறைய ரசீதுகளோடு வந்து நின்றார். தேதிவாரியாக அடுக்கித் தரவேண்டுமாம். இப்போது ஞாயிறுதோறும் வருகிறார். ஒரு வார்த்தை பேசமாட்டார், நான் அடுக்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வராத ஞாயிறு ரொம்ப நீளமாக இருக்கிறது.

போன வாரம் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஆபீஸ் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகவில்லை. பாஸாகாத செக்குகளை எல்லாம் கழித்த பிறகும் 270 இடித்தது. சாயங்காலம் வரை தேடினேன். அப்புறம்தான் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார். ஒவ்வொரு வவுச்சராக டிக் போட்டுக்கொண்டே வந்தேன். 850 என்பதை 580 என்று ஏற்றியிருந்தார்கள். "அப்பா, கிடைச்சிடுச்சு!" என்று வாய்வரை வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஆபீசில் யாரும் இல்லை. உங்கள் பென்சில் காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டால் போதும் என்று இருந்தது.

சரி, அதை விடுங்கள். இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவுதான். கோட் வாங்கவேண்டி வந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சித்தப்பா கடனை வாய்க்கணக்காக விடாதீர்கள். இதுவரை கொடுத்ததைத் தேதி போட்டு எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். தம்பி ஃபீஸ் கட்டிய ரசீது எங்கே? தேடி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் பார்க்கும்வரை போடவேண்டாம்.

உங்கள் மகள்