மாறினாலும்

அக்கா,

இன்றைக்கு பிப்ரவரி 14. சியோலின் ஜொங்தோங் தெருவில் பெண்பிள்ளைகள் கையிலெல்லாம் சாக்லேட் பை. நான் சர்ச்சுக்கு எதிரே அந்த நினைவுக்கல் முன்னால் நின்றேன். பாட்டெழுதி இசையமைத்த லீ யங்-ஹூன் இறந்தது 2008-ல் இதே தேதி. சரியாக ஒரு வருடம் கழித்துக் கல் வைத்தார்கள். நமக்குப் பாட்டு என்றால் அதைப் பாடிய லீ மூன்-சே குரல்தான். எழுதி மெட்டுப் போட்டவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. என்னவோ உறுத்தியது.

அடுத்த வாரம் ஒரேயடியாக ஊருக்குப் போகிறேன். போனை எடுக்க மாட்டீர்கள், அதனால் இங்கே.

அந்தப் பனி ராத்திரி, தொக்சுகுங் அரண்மனைக் கல்சுவர் ஓரமாக, அவர்களுடைய 'குவாங்வாமுன் யொங்கா' பாட்டை நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். எல்லாம் தடம் தெரியாமல் மாறிவிட்டாலும் என்கிற இடத்தில் நின்றுவிட்டீர்கள். "பாருடி, 'மாறிடுச்சு, ஆனா'ன்னு ரெண்டா உடைக்கல. நம்ம 'மாறினாலும்' மாதிரியே வால் ஒட்ட வச்சிருக்காங்க." கையுறையைக் கழற்றி, நிறுத்தியிருந்த கார் கண்ணாடிப் பனியில் 'ஆலும்' என்று எழுதினீர்கள். கார்க்காரர் வந்துவிட்டார். ஓடினோம், அந்த 1897 செங்கல் சர்ச் வரை. எனக்கு மூச்சு வாங்கியது. உங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இந்தச் சுவரோரம் சேர்ந்து நடந்தா பிரிஞ்சுடுவாங்களாம், தெரியுமா?"

அது காதலர்களுக்குச் சொன்னது. முன்பு பக்கத்தில் குடும்ப நீதிமன்றம் இருந்ததாம், விவாகரத்துக்கு வந்தவர்கள் நடந்த வழியாம். நம் விஷயத்தில் பாவம், சுவர் என்ன செய்யும்?

நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உங்கள் அம்மா ஒரே ராத்திரியில் மூன்று தடவை கூப்பிட்டார். "நீயும் எனக்குப் பொண்ணு மாதிரிதானே, உண்மையச் சொல்லு" என்று அழுதால் நான் என்ன செய்ய? அதற்கு முன் எட்டு மாதம் "லேப்ல இருக்காங்க ஆன்ட்டி" என்று சொன்னேனே, அந்தப் பொய்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? வருத்தம் இருந்தாலும், அந்த ராத்திரி திரும்ப வந்தால் அதையேதான் சொல்வேனோ என்னவோ.

நீங்கள் பழகியவர் யார், பிறகு என்ன நடந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். படிக்கிறவர்களில் நம் இருவரையும் தெரிந்தவர்கள் உண்டு. வாடகைத் தகராறு என்று நினைத்துக்கொள்ளட்டும். அதுவும் முழுப் பொய்யில்லை. இரண்டு மாத வாடகையை நான்தான் கட்டினேன்.

அக்காவைக் கொரிய மொழியில் 'ஒன்னி' என்று கூப்பிடக் கற்றுக் கொடுத்தது நீங்கள். நீங்கள் பூசானுக்குப் போன பிறகு லேபில் வேறு யாரையும் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. தைராய்டு புற்றுநோய்க்கு 2007-லும் 2014-லும் கழுத்தில் அறுவை செய்துகொண்ட லீ மூன்-சே இன்னும் மேடையேறிப் பாடுகிறார். உங்களால் ஒரு 'ம்' அனுப்ப முடியவில்லை.

உங்கள் மூன்று லிட்டர் குக்கர் என்னிடம்தான் இருக்கிறது. வெயிட்டைத்தான் காணோம். செவ்வாய்க்கிழமைக்குள் சொன்னால் தெக்பே கூரியரில் போட்டுவிடுகிறேன்.