அம்மிணி கோல்கீப்பராகவே இருக்கட்டும்

கோபிச்செட்டிபாளையம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் ஊரெங்கும் நடவு மும்முரமாக நடக்கிறது. மற்ற சங்கதிகளை நேரில் பேசிக்கொள்வோம். உன் பேத்தி அம்மிணியைப் பற்றி நீ கேட்டிருப்பதற்குப் பதில் எழுதவே இந்தத் தாள் போதுமோ என்னவோ.

பிளஸ் டூ முடிக்கப்போகிற பிள்ளை, கால்பந்தில் கோலுக்கு முன்னால் விழுந்து எழுவதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள முடியுமா என்று உன் மகன் கேட்கிறான். முடியும் என்றுதான் நான் சொல்வேன். இத்தனை ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து, எத்தனையோ பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்ததையும் பாதியில் நின்றதையும் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். ஆனால் அது எப்படிப்பட்ட பிழைப்பு என்பதைக் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் அணியில் பதினொரு பேர் ஆடினாலும் கோல்கீப்பருக்கு உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். முன்னால் ஆடுகிற பிள்ளைக்குக் கடைசிக் கால் மணி நேரமாவது வாய்ப்புக் கிடைக்கும். இரண்டாவது கோல்கீப்பரோ ஒரு பருவம் முழுவதும் கையுறையோடு பெஞ்சில் உட்கார்ந்தே எழுந்து வரக்கூடும். ஜெர்மனியின் நதீன் ஆங்கரர் 1996-லேயே நாட்டு அணிக்குள் வந்தும், மூத்தவரான சில்கே ராட்டன்பெர்க்குக்குப் பின்னால் பல ஆண்டுகள் காத்திருந்தார். 2007 உலகக் கோப்பையில் இடம் கிடைத்தபோது அவருக்கு வயது 28. அந்தப் போட்டி முழுவதிலும் ஒரு கோலைக்கூட விடாமல், இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் மார்த்தா அடித்த பெனால்டியையும் தடுத்தார். 2013-க்கான உலகின் சிறந்த வீராங்கனை விருதை வாங்கும்போது அவருக்கு வயது 35. மற்றவர்களுக்குக் கால் தளரும் வயதில்தான் கோல்கீப்பருக்குக் கண்ணும் நிதானமும் கூடி வருகின்றன. பதினேழு வயதுப் பிள்ளையைப் பார்த்து "இன்னும் ஒன்றும் ஆகவில்லையே" என்று சலித்துக்கொள்வது எந்த வகையில் நியாயம்?

இங்கிலாந்தின் மேரி எர்ப்ஸும் நாட்டு அணியில் இடம் இழந்து, ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர்தான். 2022-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் கோல்கீப்பர் அவர். 2023 உலகக் கோப்பையின் சிறந்த கோல்கீப்பரும் அவரே.

நம் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. சென்னையில் பிறந்த அதிதி சௌகான், இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படித்துக்கொண்டே 2015-இல் வெஸ்ட் ஹாம் மகளிர் அணியில் சேர்ந்தார். பிறகு நாடு திரும்பி, கோகுலம் கேரளா அணியோடு இந்திய மகளிர் லீக்கை வென்று, முழங்கால் காயங்களிலிருந்தும் மீண்டு, 2025-இல்தான் ஓய்வு பெற்றார். படிப்பையும் பந்தையும் ஒன்றாகவே கொண்டு செலுத்தினார் என்பதை உன் மகனிடம் அழுத்திச் சொல். லீக் பணத்தை மட்டும் நம்பி நம் பிள்ளைகள் குடும்பம் நடத்த முடியாது. ரயில்வே, காவல்துறை போன்ற இடங்களில் கிடைக்கும் வேலைதான் பலரைத் தாங்குகிறது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆகவே சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல், கல்லூரியையும் விடவேண்டாம்.

உண்மையாகவே நான் அஞ்சுவது உடம்புக்குத்தான். நம் ஊர் மைதானங்கள் செம்மண்ணும் சரளையும் கலந்தவை. ஒரு பக்கமாகப் பாய்ந்து விழுந்தால் முழங்கையும் இடுப்பெலும்பும் உரசிப் புண்ணாகின்றன. கையுறையின் ரப்பரோ சில வாரங்களில் உள்ளங்கைப் பக்கம் பொரிந்து உதிர்ந்துவிடுகிறது. போன முறை இங்கே வந்திருந்தபோது அம்மிணியின் வலது முழங்கையைப் பார்த்தேன். ஆறிய தழும்பின் மேலேயே புதிதாகச் சிராய்த்திருந்தது. முழங்கைக்கும் இடுப்புக்கும் பஞ்சு வைத்த உடை வாங்கித் தாருங்கள். பாயும் பயிற்சியைப் புல் தரையிலோ, மணல் கொட்டிய இடத்திலோ செய்யட்டும்.

தலையில் அடிபட்டால் மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. 1999 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சீனாவின் பெனால்டியைத் தடுத்து அமெரிக்காவுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்த பிரியானா ஸ்கரி, 2010-இல் எதிரணி வீராங்கனையின் முழங்கால் தலையில் மோதியதோடு ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில் தலைவலியோடும் மனச்சோர்வோடும் போராடி, ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையே அடகு வைக்கும் நிலைக்கு அவர் வந்தார். அம்மிணி அடிபட்டு விழுந்தால், "ஒண்ணுமில்லை" என்று அவளே சொன்னாலும், அன்றைக்கு அவளை மறுபடி இறக்கக் கூடாது என்று பயிற்சியாளரிடம் இப்போதே பேசி வை.

அவளுக்கென்று தனியாகக் கோல்கீப்பர் பயிற்சி கொடுப்பவர் அங்கே இருக்கிறாரா என்பதை மறக்காமல் எழுது. இல்லையென்றால் அரையாண்டு விடுமுறைக்கு இங்கே அனுப்பி வை. என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது பக்கத்து ஊரில் பயிற்சி தருகிறாள்; அவளிடம் நானே கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
உன் தோழி