செயலாளரின் ஆண்டறிக்கை: முத்திரைப் பதிவேடு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதனால், நாம் அதிகம் உழைத்த முத்திரைப் பதிவேட்டைப் பற்றி, அதாவது பழைய வெள்ளிச் சாமான்களில் குத்தியிருக்கும் அடையாளங்களைப் படமெடுத்துத் தொகுக்கும் வேலையைப் பற்றி, மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

வெள்ளி விலை ஏற ஏற, பரண் மேல் கிடந்த பழைய டீ செட்டும் பன்னீர்ச் செம்பும் நேரே உருக்குவதற்குப் போய்விடுகின்றன. எடை போடும் முன் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் விஷயமே அந்த அடிப்புறத்து முத்திரையில்தான் இருக்கிறது.

இங்கிலாந்துப் பொருள் என்றால் படிப்பது சுலபம். நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் பர்மிங்காமையும் சிறுத்தைத் தலை லண்டனையும் குறிக்கும். ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். அரசர் அல்லது அரசி தலை இருந்தால், பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் இடையில் வரி கட்டிய பொருள்.

நம் ஊரில் செய்தவற்றுக்கு இந்த வசதி கிடையாது. பிரிட்டிஷ் இந்தியாவில் அப்படி வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் தரச்சோதனை நிலையமே இல்லை. வெள்ளிக்கு ஹால்மார்க் வந்ததே 2005இல்தான். ஆகவே கல்கத்தா ஹாமில்டன், சென்னை ஜார்ஜ் கார்டன், பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற வெள்ளிச் சாமான் கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயரைத் தாங்களே குத்திக்கொண்டார்கள். ஹாமில்டன் பொருட்களில் பெயரெழுத்துகளோடு யானையும் வரும். குஜராத்தின் புஜ் நகரத்து வெள்ளிக் கலைஞர் ஊமர்சி மாவ்ஜியின் பொருளில் 'ஓ.எம்.' என்ற ஆங்கில எழுத்துகளைத் தேட வேண்டும். ஆண்டெழுத்து இல்லாததால் முத்திரையின் வடிவத்தையும் வேலைப்பாட்டையும் பரிசுப் பொருளில் பொறித்த தேதியையும் சேர்த்துத்தான் காலத்தைக் கணிக்க முடிகிறது. அதற்காகத்தான் பதிவேடு: ஒரே பட்டறையின் முத்திரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேறுபாடு தானாகத் தெரியும்.

நம்மிடம் வந்தவற்றில் மனதில் நின்றவை சென்னையின் சுவாமி வேலைப்பாட்டுச் சாமான்கள். கெண்டி முழுக்கத் தெய்வ உருவங்களைப் புடைப்பாக எழுப்பியிருப்பார்கள். 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அளித்த பரிசுகளில்கூட இந்த வேலைப்பாடு இருந்தது. அந்த உருவங்களைத் தட்டி எழுப்பிய ஆசாரியின் பெயரை எந்த முத்திரையும் சொல்வதில்லை; கம்பெனி பெயர் மட்டும்தான். இது எனக்குப் பெரிய வருத்தம். பொருளோடு வரும் குடும்பத் தகவலையும் பதிவேட்டில் எழுதச் சொல்வது அதனால்தான். யாராவது ஓர் ஆசாரியின் வழிவந்தவர் அகப்படலாம்.

அப்புறம், சில வேண்டுகோள்கள். முத்திரையின் மேல் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்ந்த எழுத்து திரும்ப வராது. 'இ.பி.என்.எஸ்.' என்றிருந்தால் அது வெள்ளி முலாம்தான். முத்திரையைச் சுற்றிப் பற்றவைத்த கோடு தெரிந்தால் வேறொரு பொருளிலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். நூறாண்டு தாண்டிய கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

வரும் ஆண்டில் கரண்டி, முள்கரண்டி முத்திரைகளைப் பதிவு செய்யச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. விற்பதாகவோ உருக்குவதாகவோ இருந்தாலும் சரி, அதற்கு முன் ஒருமுறை கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்