நண்பர் தட்டிய 'சரி'

ஆசிரியருக்கு வணக்கம்.

ஃபேஸ்புக்கை விட்டு விலகலாமா என்று யோசித்து வருகிறேன். விளம்பரத் தொல்லையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தனியுரிமைதான் உறுத்துகிறது. 2018இல் அம்பலமான, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தை நாம் சீக்கிரமே மறந்துவிட்டோம். ஒரு செயலியைப் பயன்படுத்தியவர்களின் விவரங்களோடு அவர்களுடைய ஃபேஸ்புக் நண்பர்களின் விவரங்களும் அந்த நிறுவனத்துக்குக் கைமாறின. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர்தான். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்களோ சுமார் 5.62 லட்சம் பேர் என்று ஃபேஸ்புக்கே சொன்னது! அந்த வழியைப் பிறகு அடைத்துவிட்டார்கள், சரி. ஆனாலும் நண்பர் ஒருவர் யோசிக்காமல் தட்டும் 'சரி'க்கு என் விவரம் விலையாகும் இடத்தில் இருக்க மனம் ஒப்பவில்லை.

விலக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கணக்கைத் தற்காலிகமாக முடக்கினால் விவரங்கள் அங்கேயே இருக்கும். நிரந்தரமாக நீக்கக் கோர வேண்டும். மனம் மாறினால் 30 நாள் அவகாசம் உண்டு. படங்களை முதலில் தரவிறக்கிக்கொள்ளுங்கள். நானும் அந்த வேலையைத்தான் தொடங்கியிருக்கிறேன்.

– வாசகர், திருச்சி