கட்டிய வருடங்களைக் கணக்கில் எடுங்கள்

மத்திய தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் அதிகாரிகளுக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டு) கழகத்தின் விதிகளை வகுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இ.எஸ்.ஐ. கட்டியவருக்கு வேலை போனால் உதவித்தொகை தரும் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா யாருக்கு, எத்தனை நாளுக்கு, எவ்வளவு என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விதி உங்களுடையது. அது ஓசூர் சிப்காட்டில் வேலை போன ஒருவனுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஆலையில் ஒரு லைனை மூடினார்கள். வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை. ஆர்டர் குறைந்துவிட்டது என்றார்கள். ஷிப்ட் இன்சார்ஜாக இருந்த நானும், என்னிடம் டூல் செட்டிங் கற்றுக்கொண்ட பாலக்கோட்டுத் தம்பி ஒருவனும் ஒரே நாளில் வெளியே வந்தோம். இ.எஸ்.ஐ.யில் பாதிச் சம்பளம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன்தான் என்னையும் கூப்பிட்டான். "நீங்களும் போட்டுடுங்கண்ணா, எத்தனை வருஷம் கட்டியிருக்கீங்க" என்றான். ஆதார், பேங்க் பாஸ்புக், பழைய சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சேர்ந்தே போனோம்.

அவனுடைய மனு ஏற்கப்பட்டது. என்னுடைய நம்பரைத் தட்டிப் பார்த்த ஊழியர், "சார், 2018க்கு அப்புறம் உங்க பேர்ல பணமே கட்டலையே. கடைசியா எவ்வளவு சம்பளம் வாங்கினீங்க?" என்றார். சொன்னேன். "அப்போ நீங்க இ.எஸ்.ஐ.லயே இல்லையே சார். இது சம்பளம் கம்மியா வாங்குறவங்களுக்கு" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மரியாதையாகத்தான் பேசினார், கம்ப்யூட்டரில் வந்ததைத்தான் சொன்னார். தம்பிக்குக் கிடைத்ததில் எனக்கு மனதாரச் சந்தோஷம். ஆனால் அவன் கட்டியது ஐந்து வருடம். நான் கட்டியது ஏறக்குறைய 12 வருடம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

என் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டிப்ளமோ முடித்து 2003இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 6,500 ரூபாய். 2004இல் 7,500, 2006இல் 10,000, 2010இல் 15,000 என்று நீங்கள் உயர்த்தினீர்கள். அந்த வருடங்கள் முழுக்க என் சம்பளத்தில் நூற்றுக்கு 1.75 ரூபாயும் முதலாளி பங்காக 4.75 ரூபாயும் உங்கள் கணக்குக்கு வந்தன. 2014இல் என் சம்பளம் 15,000 தாண்டியது, பிடித்தம் நின்றது. 2017 ஜனவரியில் வரம்பை 21,000 ஆக்கினீர்கள், மறுபடியும் உள்ளே வந்தேன். 2018 ஜனவரி இன்க்ரிமெண்டில் 21,000 தாண்டினேன், அந்த மார்ச்சோடு மறுபடியும் வெளியே. வேலை போனவருக்கு உதவித்தொகை தரும் இந்தத் திட்டத்தை அதே வருடம் ஜூலையில் தொடங்கினீர்கள்.

உள்ளே வரும்போதும் என்னைக் கேட்கவில்லை, வெளியே அனுப்பும்போதும் கேட்கவில்லை. 'தொடர்ந்து கட்டுகிறாயா, வேலையிழப்புக்கு மட்டுமாவது உன் காப்பீடு இருக்கட்டுமா' என்று யாராவது கேட்டிருந்தால் நான் கட்டியிருப்பேன். என்னோடு வேலை பார்த்த எல்லோருமே கட்டியிருப்பார்கள். அந்த வழியே உங்கள் சட்டத்தில் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். கடைசி மாதம் எவ்வளவு வாங்கினான் என்று பார்க்காதீர்கள், எத்தனை வருடம் கட்டினான் என்று பாருங்கள்.

நான் கேட்பது பெரிய தொகையும் இல்லை. சராசரி தினச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. 21,000 ரூபாய் வாங்கியவருக்கு முழுசாகக் கிடைத்தாலும் சுமார் 31,000 ரூபாய். என் கடைசிச் சம்பளம் 21,000ஐவிட அதிகம்தான், 34,000 ரூபாய். அதற்காக 34,000ஐ வைத்துப் பார்க்க வேண்டாம், 21,000ஐயே உச்சமாக வைத்துக் கணக்குப் போடுங்கள். மகளின் காலேஜ் பீஸ் ஒரு தவணையும் மூன்று மாத வீட்டு வாடகையில் ஒரு பகுதியும் அதில் கட்டிவிடலாம். நாற்பதைத் தாண்டியவன் வேலை தேடும்போது அந்த மூன்று மாதம் எவ்வளவு பெரிய அவகாசம் என்பது தேடுகிறவனுக்குத்தான் தெரியும். கிடைத்த முதல் வேலையில், பாதிச் சம்பளத்துக்கு, பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குத் தலையாட்டாமல் இருக்க அது போதும்.

'பி.எஃப். இருக்கிறதே, எடுத்துக்கொள்ளலாமே' என்று சொல்கிறவர்கள் உண்டு. அது நான் வேலை செய்ய முடியாத வயதில் சோறு போட வேண்டிய பணம். அதை இப்போதே தின்னச் சொல்வதை உதவி என்று எப்படிச் சொல்வது?

அனுபவம் ஏற ஏற ஒவ்வொரு கதவாகச் சாத்தப்படுவதைத்தான் நான் பார்க்கிறேன். ஆட்குறைப்பு செய்தால் ஒரு வருடச் சர்வீசுக்குப் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் முன்பு இருந்த 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில், 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர் தொழிலாளியே இல்லை என்றிருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அந்த வரம்பு 18,000. அதில் வேலை இழந்தவருக்குப் புதுத் திறன் கற்க நிதி என்று பதினைந்து நாள் சம்பளம் தரச் சொல்லியிருக்கிறீர்கள், நல்ல விஷயம். அதுவும் 'தொழிலாளி'க்குத்தான். மெஷின் பக்கத்தில் நின்று கையில் கிரீஸோடு வேலை பார்த்தவனுக்கு ஷிப்ட் இன்சார்ஜ் என்று ஒரு பேட்ஜ் குத்திவிட்டு, அந்த ஒரே காரணத்துக்காக அவன் தொழிலாளி இல்லை என்றால், அந்தப் பதவி உயர்வை நாங்கள் என்னவென்று எடுத்துக்கொள்வது?

மாநில அரசின் பக்கமும் போய்ப் பார்த்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் ஆனவருக்கு உதவித்தொகை உண்டு. பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். வயது 40க்குள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45க்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 தாண்டக் கூடாது. இன்ஜினியரிங் படித்தவர்களுக்குக் கிடையாது. என் வயதுக்கு அங்கேயும் இடமில்லை. 600 ரூபாயில் இன்று ஒரு சிலிண்டர்கூட வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

சரி, வேலையாவது தேடலாம் என்றால், எங்கள் மாவட்டத்தில் வேலை இல்லாமல் இல்லை. கேளமங்கலம் பக்கம், போச்சம்பள்ளி பக்கம் புதிய ஆலைகள் வந்திருக்கின்றன. அஞ்செட்டி, பென்னாகரம் வரைக்கும் உள்ள பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வேலைவாய்ப்பு முகாமில் என் பயோடேட்டாவை வாங்கியவர்கள் முதலில் பார்த்தது பிறந்த தேதியைத்தான். 18 முதல் 35 வரை என்று மேஜையிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். "அனுபவம் நிறைய இருக்கு சார், ஆனா இந்த போஸ்டுக்கு நீங்க செட் ஆக மாட்டீங்க" என்று திருப்பிக் கொடுத்தார் ஒருவர். ரிஜெக்‌ஷன், அதாவது குறையோடு கழிக்கப்படும் பாகம், எங்கிருந்து வருகிறது என்று மெஷின் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவனை, இருபது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் பழக்கி எடுத்த ஒரு ஆளை, இப்படி மூலையில் உட்கார வைத்தால் நஷ்டம் எனக்கு மட்டுமா? மாவட்டத்துக்கும்தானே?

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். இத்தனையையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

ஏதாவது ஒரு காலத்தில் இத்தனை வருடம் இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால், வேலை போகும் நாளில் வரம்புக்கு வெளியே இருந்தாலும் இந்த உதவித்தொகைக்குத் தகுதி உண்டு என்று விதியைத் திருத்துங்கள். எத்தனை வருடம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இனிமேல் வரம்பைத் தாண்டுகிறவர்களுக்கு, வேலையிழப்புக்கு மட்டும் விருப்பப்பட்டுத் தொடர்ந்து கட்டும் வழியைத் திறந்துவிடுங்கள். 2017இல் வைத்த 21,000 ரூபாயையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அதற்கு அப்புறம் அரிசி ஏறியிருக்கிறது, வாடகை ஏறியிருக்கிறது, ஓசூரில் மூன்று நான்கு வருடம் வேலை பார்த்த பையனே இன்று அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறான். என்னோடு வெளியே வந்த தம்பி அடுத்த ஆலையில் நல்ல சம்பளத்துக்குச் சேர்ந்தால், அவனும் நாளைக்கு என் இடத்துக்குத்தான் வருவான்.

கடைசி மாதச் சம்பளத்தைப் பார்க்காமல் கட்டிய வருடங்களைப் பாருங்கள் என்ற இந்தக் கோரிக்கையை அடுத்த கழகக் கூட்டத்தில் ஒரு பொருளாக எடுத்துப் பேசுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று முடிவெடுத்தாலும், ஏன் முடியாது என்று எங்களுக்குத் தமிழில் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த ஒரு ஷிப்ட் இன்சார்ஜ்
கிருஷ்ணகிரி மாவட்டம்